பதினேழாம் பக்கத்துச் சிவப்பு வட்டம்

புதுப்பட்டினம்,
ஈஸ்டர் கழிந்த இரண்டாம் செவ்வாய்

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெஸ்ஸிக்கு, உன் சித்தப்பா சம்பத் எழுதுவது. இங்கே நான், உன் சித்தி ஞானம்மாள், மொட்டை மாடியில் காயும் கூழ் வடாம், அதைக் காவல் காக்கிற சாக்கில் தின்றுகொண்டிருக்கும் அணில், எல்லோரும் ஆண்டவர் கிருபையில் சுகம். நீயும் அந்த நார்வே மழையில் பூஞ்சை பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டுமென்று இருவேளையும் ஜெபிக்கிறோம். சித்தியிடம் போனில் அரை மணி பேசுகிறவள், நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், இது எட்டு மாதமாக நடக்கிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. இப்போது வலது கையை உயர்த்தி, இடது கையை உன் சித்தியின் ஜெபப் புத்தகத்தின் மேல் வைத்து (அப்படியானால் பேனாவை எதால் பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்காதே) ஒரு பிரமாணம் செய்கிறேன். நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். சதுரங்கப்பட்டினம் தொடங்கி செங்கல்பட்டு வரைக்கும் இதுவரை ஒருவரும் நம்பவில்லை, கேட்ட மாடுகூட அசை போடுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தது. கதை என்னவென்றால், உன் சித்தப்பாவாகிய நான் நாற்பது நாள் யாரையும் குறை சொல்லாமல் இருந்தேன்.

சிரித்து முடித்தாயா. முப்பத்தொரு வருஷம் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கினவன் நான். குழாயில் போட்ட வெல்டை எக்ஸ்ரே படம் பிடித்து, அந்தப் படத்தை விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்து, மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சிவப்பு பெயிண்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டு ரிஜெக்ட் என்று எழுதுவது என் உத்தியோகம். ரிட்டயர் ஆன அன்று பொன்னாடை போட்டுக் கடிகாரம் கொடுத்தவர்கள் அந்தப் பேனாவைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார்கள், அதற்குப் பிறகு அணுபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் என் வட்டத்துக்குத் தப்பின மனிதன் இல்லை. எட்டாம் வகுப்பில் நீ எழுதின கட்டுரையில் பதினொரு வட்டம் போட்டேனே, மறந்திருக்க மாட்டாய். அப்படிப்பட்ட நான் சாம்பல் புதனன்று ஆராதனை முடிந்து எல்லோரும் லெந்து காலத்து நாற்பது நாள் நோன்புக்கு எதை விடப்போகிறோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் நின்றேன். பாடகர் குழுவை நடத்துகிற ரோகிணி காபியை விடுகிறேன் என்றாள். என்னோடு வேலை பார்த்து என்னோடே ரிட்டயர் ஆன தீனதயாளன் மீனை விடுகிறேன் என்றான், கடலோரத்தில் குடியிருந்துகொண்டு மீனை விடுவதாவது என்று எல்லோரும் அவனைக் கைகொடுத்துப் பாராட்ட, எனக்கு அது பொறுக்கவில்லை. நான் குறை சொல்வதை விடுகிறேன், யாரையும் தீர்ப்பு செய்யமாட்டேன் என்று நெற்றிச் சாம்பலோடு உரக்க அறிவித்தேன். கடலே ஒரு அலையைப் பாதியில் நிறுத்தி வைத்து என் பக்கம் காது கொடுத்தது. பெருமைக்குச் சொன்னேன் என்று நினைப்பாய், பாதி அதுதான். மறுபாதி என்னவென்று உனக்கும் எனக்கும் தெரியும். போன ஆகஸ்டில் சித்திக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் ஆனபோது உன்னால் வர முடியவில்லை என்றாய், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அன்றைக்கு வைத்த போன்தான், என்னிடம் நீ பேசவில்லை.

முதல் வாரம் நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. சொல்லாமல் விழுங்கின வார்த்தைகள் எல்லாம் நாக்கிலேயே தங்கி, மூன்றாம் நாள் நாக்கு இரண்டே கால் கிலோ ஆகிவிட்டது, செங்கல்பட்டு டாக்டர் தராசு கொண்டுவரச் சொல்லி நிறுத்துப் பார்த்து, இதற்கு மருந்து நாலு பேரைத் திட்டுவதுதான் என்று எழுதிக் கொடுத்தார், நான் அந்தச் சீட்டை அங்கேயே கிழித்துப் போட்டேன். மாமல்லபுரம் ரோட்டில் இருக்கிற பண்ணை முதலைகள், வாயை மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பதில் தங்களை மிஞ்சின ஒருவன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு என்னைப் பார்க்க வரிசையில் நின்றன. கூடுவாஞ்சேரியில் உன் தம்பி முறை சரவணகுமார் புது ஃப்ளாட் வாங்கிப் பால் காய்ச்சினான், போயிருந்தோம். சமையலறைக் கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜில் இடிக்கிறது, ஃபிரிட்ஜைத் திறந்தால் கதவில் இடிக்கிறது, குளியலறைத் தளமோ தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக ஹாலுக்கு வருகிற மாதிரி சரிந்திருக்கிறது. எப்படி இருக்கு பெரியப்பா என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டான். ஜன்னல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது நான் விழுங்கினதின் பாரத்தால் ரயில் பரனூர் மேட்டில் ஏறமாட்டேன் என்றது. இத்தனை செய்தும் உன் சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. "வாய மூடிக்கினு கண்ணால திட்டறீங்களே, அது எந்த நோன்புல சேத்தி? இப்ப சாம்பார பாத்து ஒரு பெருமூச்சு வுட்டீங்க, அதுல உப்பு, புளி, எங்க அம்மா வூட்டு வளர்ப்பு எல்லாம் வந்துச்சு" என்றாள். அவள் சொன்னது சரிதான். புருவத்தாலும் பெருமூச்சாலும் நான் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன், அவள் சொல்கிறவரைக்கும் எனக்கே தெரியாது.

இதற்குள் என் நோன்பு சபை முழுக்கத் தொற்றிக்கொண்டது. சம்பத் சார் விடலாமென்றால் நாமும் விடலாமே என்று ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்தார்கள். இங்கேதான் நாங்கள் ஒரு தப்பு செய்தோம், எங்களைப் போல் வாழ்நாளெல்லாம் சோதனையும் தணிக்கையுமாக வேலை பார்த்தவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். ஒரு வேலை என்று எடுத்தால் அதற்குப் பதிவேடு வேண்டாமா என்று தீனதயாளன் கேட்டான். கேட்டதோடு நில்லாமல் முந்நூறு பக்கத்தில் ஒரு நோட்டு வாங்கி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, சொன்னவர், யாரைப் பற்றி, சொன்ன வார்த்தை, கேட்டவர் என்று ஐந்து கட்டம் பிரித்துக் கோயில் முகப்பில் மேசை போட்டுக் கட்டி வைத்துவிட்டான். யார் குறை சொல்லிக் கேட்டாலும் அதில் எழுத வேண்டும், ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து தணிக்கைக் குழு கூடிப் படித்து, தப்புக்கு ஒரு தண்டனை சொல்ல வேண்டும், குழுவுக்குத் தலைவர் யாரென்று கேட்கவேண்டுமா, சிவப்புப் பேனா வைத்திருக்கிறவன்தான். நூற்று நாற்பது பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்.

முதல் ஞாயிறு நாலு பதிவு, அடுத்த ஞாயிறு அறுபது. ஆர்கன் வாசிப்பு இழுக்கிறது என்று பாடகர் குழுவில் பாடுகிற கீர்த்தனா சொன்னதாக ரோகிணி எழுதினாள், ரோகிணி அதை ஆசையோடு எழுதினாள் என்று கீர்த்தனா எழுதினாள், உடனே எழுதியவரின் முகபாவம் என்று ஆறாவது கட்டம் போட வேண்டியதாயிற்று. நம் ஆயர் ஜோயல் பிரசங்கத்தில் இயேசு காலத்துப் பரிசேயரைப் பற்றிப் பேசினார், ஆயர் பரிசேயரைக் குறை கூறினார், பரிசேயர் எவரும் ஆஜராகவில்லை என்று யாரோ அதையும் எழுதி வைத்திருந்தார்கள். ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் உட்காரப் பயம், வாய் திறந்தால் பத்துக் காது நீளுகிறது. நம்மை வழக்கமாக ஏற்றிப்போகிற ஷேர் ஆட்டோ மணி, "இன்னா அண்ணாத்த, உங்க கோயிலாண்ட எல்லாரும் நோட்டும் பேனாவுமா நின்னுகினு கீறாங்க, எக்ஸாமா?" என்று கேட்டான். விவரம் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, "கொற சொல்லாத இருக்கறதுக்கு, யார் கொற சொல்றான்னு மோப்பம் புடிச்சிகினு திரியறீங்களா? இதுக்கு நீங்க பழையபடி நாலு வார்த்த திட்டிட்டே இருந்திருக்கலாம் தல, பேஜாரு இல்லாத போயிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலைமைப் பதவியை விட மனம் வரவில்லை. உன்னிடம் மறைப்பானேன், அந்த நோட்டைப் புரட்டும்போது என் கைக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது.

குருத்தோலை ஞாயிறன்று ஓலையும் கையுமாகப் பவனி போய் வந்து முகப்பில் கூடினோம். முப்பது பேர் இருக்கும், பிள்ளைகள் ஓலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தார்கள். நான் கோர்ட் ஜட்ஜ் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவாக நாடகக் குரலில் படித்துக்கொண்டே வந்து பதினேழாம் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிவு. தேதி, ஆகஸ்ட் பத்தொன்பது என்று படித்தேன், லெந்து காலத்தில் ஆகஸ்ட் எப்படி வந்தது என்று தீனதயாளன் சிரித்தான். சொன்னவர், சம்பத் என்று படித்தேன், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். யாரைப் பற்றி, நம் மகள் என்று படித்தபோதுதான் அது உன் சித்தியின் கையெழுத்து என்று கண்ணில் பட்டது. நிறுத்திவிட்டேன். விஷயம் தெரியாமல் தீனதயாளன், "படிங்க சார், ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான, உங்களுக்கு மட்டும் தனியா கீதா?" என்றான். படித்தேன். சொன்ன வார்த்தை: உன்னைப் பெற்றவளாக இருந்திருந்தால் உனக்கு லீவு கிடைத்திருக்கும்.

ஜெஸ்ஸிம்மா, அன்றைக்கு வராந்தாவில் சொன்னபோது அது ஒரு மூச்சில் போய்விட்டது. முப்பது பேர் நடுவில் நிறுத்தி நிறுத்திப் படித்தபோதுதான் அதன் நீளம் எனக்குத் தெரிந்தது. உன் சித்தி மயக்கத்தில் தூங்குகிறாள் என்று நினைத்துக் கதவோரமாக நின்று பேசினேன், அவள் தூங்கவில்லை. கேட்டவர் என்கிற ஐந்தாம் கட்டத்தில் தன் பெயரை எழுதாமல் ஜெஸ்ஸியோட அம்மா என்று எழுதியிருந்தாள். நாலு வயதில் உன்னை என் அண்ணன் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து, பால்காரனும் பள்ளிக்கூடமும் கோயிலும் அவளை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டன. அந்த ஒரு வார்த்தையால் உன்னிடமிருந்து அம்மாவையும் அவளிடமிருந்து மகளையும் சேர்த்து வெட்டினேன், அது உனக்கு மட்டும் போட்ட வட்டம் என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அந்த மேசையில் தலை கவிழ்ந்து நின்றேன். மற்றவர்களுக்கு நாலு வாரமாக என்னென்ன தீர்ப்பு சொல்லியிருக்கிறேன், பெஞ்சு துடை, புதர் வெட்டு, மூன்று வாரம் பாட்டுப் பாடாதே என்று. அன்றைக்கு எனக்குத் தீர்ப்பு சொல்ல முப்பது பேருக்கும் உரிமை இருந்தது, ஒருவரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ரோகிணி மட்டும் கிட்டே வந்து, "வுடுங்கண்ணே, ஆபரேஷன் பயத்துல வந்திருக்கும்" என்றாள். நான் பயந்துதான் இருந்தேன், அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. ஆயர் நோட்டை மூடி, இனி இதில் எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னார். உன் சித்தி குடையை எடுத்துக்கொண்டு, மணி வந்துட்டான், கெளம்பலாம் என்றாள். வீட்டுக்கு வந்து எனக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள்.

பெரிய வியாழனன்று திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. காணிக்கையைப் போடுமுன் போய்ச் சமாதானம் பண்ணிக்கொள் என்று ஆண்டவர் சொல்லியிருக்கும்போது, ஒரு மகளைக் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு நான் எந்தக் கையை நீட்டி அப்பத்தை வாங்குவது. உன் சித்தி போய் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஈஸ்டரன்று விடியலில் வழக்கம்போல் கடற்கரையில் ஆராதனை, சூரியன் என்னைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் தாமதமாக எழுந்தது. முடிந்ததும் பெண்கள் மணலில் அடுப்பு வைத்து வடை சுட்டார்கள், எண்ணெய் வடிக்கக் காகிதம் இல்லையென்று தீனதயாளனே தன் பதிவேட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டான். அவரவர் செய்த குற்றத்தின் மேல் அவரவர் வடையை வைத்துத் தின்றார்கள், எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. என் வாழ்நாளில் அப்படி ஒரு வடை தின்றதில்லை, கொஞ்சம் உப்பு கூட, ஆனால் நான் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், இதில் விளையாட்டு இல்லை. அந்த வார்த்தைக்காக என்னை மன்னித்துக்கொள். அன்றைக்கு நீ ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சித்திக்குத் தெரியும் போலிருக்கிறது, நான் கேட்கவில்லை, உன்னையும் கேட்கப்போவதில்லை. தக்க காரணம் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்பேன், இல்லாவிட்டால் கேட்கமாட்டேன் என்றால் அது இன்னொரு தணிக்கை. நீ சும்மா வர மனமில்லாமல் இருந்திருந்தாலும் உனக்குத் தீர்ப்பு எழுத நான் ஆளில்லை. முப்பத்தொரு வருஷத்தில் எனக்குக் கொடுத்த அதிகாரம் வெல்டைப் பார்க்கத்தான், வெல்டு போட்டவனைப் பார்க்க இல்லை, அவனை உள்ளே படம் எடுத்துப் பார்க்கிற விளக்குப் பெட்டி ஆண்டவரிடம் மட்டும்தான் இருக்கிறது. இதை ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழித்து வடைக்குக் காகிதமாகப் போன ஒரு நோட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன். நாற்பது நாள் முடிந்துவிட்டது, தீனதயாளன் வஞ்சிரத்துக்கும் ரோகிணி காபிக்கும் திரும்பிவிட்டார்கள், நான் மட்டும் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஈஸ்டருக்குப் பிறகு பதினொரு தடவை தவறியிருக்கிறேன், அதில் ஏழு டி.வி. செய்தி பார்க்கும்போது, பன்னிரண்டாவது தடவை தவறினாலும் மறுநாள் காலையில் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சாம்பாரில் உப்பு எப்படி என்று கேட்டால் உப்பைப் பற்றிச் சொல்வேன், உப்புப் போட்டவளைப் பற்றிச் சொல்லமாட்டேன், அவ்வளவுதான் சட்டம். போன வாரம் சரவணகுமார் வீட்டில் ஒருத்தர், அம்மாவுக்கு ஆபரேஷன்னாகூட வராத பொண்ணு என்று உன்னைப் பற்றி ஆரம்பித்தார். அவள் என் மகள், அவள் கணக்கை நான் பார்ப்பதில்லை, நீங்களும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு கப் பாயசம் ஊற்றிக் கொடுத்தேன், அவரையும் குறை சொல்லவில்லை பார். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆயரிடம் கேட்டேன், மன்னிப்பைக் கேட்பது உங்கள் பாடு, கொடுப்பதும் எப்போது கொடுப்பதும் அவள் பாடு என்றார். தபாலில் சேர்த்துவிட்டு வருகிற ஞாயிறு பீடத்துக்குப் போவேன். நீ பேசுகிறவரைக்கும் காத்திருப்பேன், பேசாவிட்டாலும் நீ என் மகள்தான்.

சித்திக்குத் தையல் எப்போதோ ஆறிவிட்டது, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை ஈஸ்டர் வடையோடு மறந்துவிட்டாள். நீ அங்கே வெயில் இல்லாத ஊருக்கு விட்டமின் மாத்திரையை விடாமல் சாப்பிடு, வழுக்குகிற ரோட்டில் அவசரப்பட்டு நடக்காதே, காலுக்குக் கம்பளி உறை போடு. பார்சலில் வடாம் வருகிறது, கடைசி வரிசையில் இருப்பது அணில் கடித்தது, அதை யாருக்காவது கொடுத்துவிடாதே, சித்தியின் கைப்பக்குவம் போய்ச்சேர வேண்டியது உன்னிடம்தான். போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன்னைக் காத்து, நீ தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற மேசையில் உன்னோடு உட்காருவாராக. நாங்கள் இரண்டு பேரும் உன் தலையில் கை வைத்து முத்தமிடுகிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் தணிக்கைக் குழுத் தலைவன், உன் சித்தப்பா,
சம்பத்

பின்குறிப்பு: சித்தி இதைப் படித்துவிட்டுப் பிரமாணம் செய்துவிட்டு இத்தனை புளுகா என்று கேட்டாள், அதனால் ஒப்புக்கொள்கிறேன். நாக்கின் எடை பொய். முதலைகள் வரவில்லை, ரயில் நிற்கவில்லை, கடலும் சூரியனும் தங்கள் வேலையைத்தான் பார்த்தன. நோட்டு முந்நூறு பக்கமில்லை, நாற்பது. குழுவில் நூற்று நாற்பது பேரில்லை, மூன்று பேர். மற்றதெல்லாம் நிஜம், அதில் ஒரு சின்னப் பகுதியை வடைக்குக் கொடுக்காமல் கிழித்து எடுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பதினேழாம் பக்கம். எழுத்து உன் அம்மாவுடையது. சிவப்பு வட்டம் நான் போட்டது, சொன்னவர் என்கிற கட்டத்தில், என் பெயரைச் சுற்றி.